கயிறு இழுத்தும் பிடிக்காத பழைய அவுட்போர்டு மோட்டார்: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் தொடுவது

படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலருடைய கை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. அதைக் கழற்றி, கண்ணில் பட்ட ஸ்குரூவையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடிக் கிடந்ததைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குள் நன்றாக இருந்த கார்புரேட்டரின் அளவு கலைந்திருக்கும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். செலவில்லாததையும் கழற்ற வேண்டாததையும் முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் கயிறு இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் உள்ள, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும், 8 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு. தமிழ்நாட்டுக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் ஃபைபர் படகுகளில் ஓடும் யமஹா எண்டியூரோ, சுசுகி, மரைனர் போன்றவை இந்த வகை. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கும் இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்கும் இதில் பாதிதான் பொருந்தும்.

எல்லாவற்றையும் கரையில் வைத்தே செய்யுங்கள். சந்தேகமுள்ள மோட்டாரோடு கடலுக்குப் போய், அலையில் ஆடும் படகில் பிளக் கழற்ற வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

1. தாளும் கருவியும்

மோட்டாரைப் படகோடு பிடிக்கும் கிளாம்ப் பிராக்கெட்டில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பில் எழுத்து அழிந்திருந்தால் பழைய பில்லிலும் படகின் பதிவுத் தாளிலும் பாருங்கள். உதிரிக் கடையில் "15 எச்பி யமஹா" என்று மட்டும் சொன்னால் வேறு மாடலின் டயஃப்ராம் கையில் வரும். யமஹா உதிரி எண்ணில் முதல் மூன்று குறிகள், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோனால் தவறு நேராது. உங்கள் மாடலின் கையேடு கிடைத்தால் விடாதீர்கள். பிளக் வகை, பிளக் இடைவெளி, ஆயில் விகிதம், ஏர் ஸ்குரூவின் சுற்று ஆகிய நாலும் அதில் இருக்கும்.

கருவிகள்: 21 மி.மீ. பிளக் ஸ்பேனர், 10 மற்றும் 12 மி.மீ. ஸ்பேனர்கள், முனை தேயாத ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், 14 மி.மீ. மரை கொண்ட கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, ஒரு கண்ணாடிப் பாட்டில், புதுப் பிளக் இரண்டு. கம்ப்ரஷன் கேஜை டூவீலர் மெக்கானிக்கிடம் இரவல் கேட்கலாம். மற்றவை சொந்தமாக இருக்கட்டும்.

இன்னொன்று, 200 லிட்டர் டிரம். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரில்லாமல் சுழன்றால் சில நொடிகளிலேயே கருக ஆரம்பிக்கும். இரண்டு மூன்று தடவை கயிறு இழுத்துப் பார்க்கத் தண்ணீர் வேண்டாம். ஆனால் பிடித்துவிடும் என்று தோன்றினால், புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும் அளவுக்கு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில்தான் இறக்க வேண்டும்.

பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மூடியைத் திறந்து வைத்துக் கயிறு இழுக்கும்போது ஃப்ளைவீல் (எஞ்சின் தலைமேல் உள்ள கனமான சக்கரம்) வெளியே சுற்றும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை, அவிழ்ந்த தலைமுடி மூன்றும் ஆபத்து.

2. மூடியைத் திறக்கும் முன் (பத்து நிமிடம், செலவில்லை)

கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) கிளிப் இடத்தில் இருக்கிறதா? கிளிப் இல்லாத பழைய மாடலில் வெறும் நிறுத்து பட்டன்தான் இருக்கும். உப்பேறினால் அது உள்ளே அழுந்தியபடியே நின்றுவிடும். விரலால் பல தடவை அழுத்தி விட்டு, வெளியே துள்ளி வருகிறதா பாருங்கள்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல மாடல்களில் கியரில் இருந்தால் கயிறு பூட்டிக்கொள்ளும். சிலர் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது (உள்ளே இறுகிவிட்டது) என்று பயந்துபோவது இதனால்தான்.

டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறங்கள். மூடியிருந்தால் பெட்ரோல் வெளியே வர வர டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச நேரத்தில் வரத்து நின்றுவிடும். "பத்து நிமிடம் ஓடி நின்றுபோகிறது, அப்புறம் பிடிக்கவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருகை.

அடுத்து கை பம்ப் பல்பு. அதன்மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். அம்பு முனை மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். காலியான ஹோஸ் என்றாலும் பத்துப் பதினைந்து அழுத்தலில் பல்பு கல்லுப்போல இறுகிவிட வேண்டும். அது இறுகும் விதத்திலிருந்தே பாதிக் கோளாறு தெரிந்துவிடும்:

எவ்வளவு அழுத்தினாலும் தொளதொளவென்று இருந்தால் டேங்க் பக்கத்தில் எங்கோ காற்று பிடிக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. அழுத்தியதும் சப்பையாகி அப்படியே ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் திருகு மூடியிருக்கும், அல்லது டேங்குக்குள் போகும் குழாயின் வலை அடைத்திருக்கும். இறுகாமல், கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி மூடவில்லை. நன்றாக இறுகி, ஐந்து நிமிடத்தில் இளகிவிட்டால் கனெக்டரின் ஓ-ரிங்கையும் ஹோஸ் கிளிப்புகளையும் பாருங்கள்.

ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். இந்தியாவில் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் இதற்கென்று செய்யப்பட்டதல்ல. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் அடுக்கு உரிந்து மடங்கிக் குழாயை அடைத்துவிடும், அல்லது கருப்புத் துகளாக உதிர்ந்து கார்புரேட்டருக்குப் போகும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சுலபமான சோதனை, பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். சுத்தமான சின்ன கேனில் 2 லிட்டர் புதுப் பெட்ரோல் எடுத்து, 50:1 விகித மோட்டார் என்றால் 40 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, நல்ல ஹோஸும் பல்பும் மாட்டி அதிலிருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிடித்தால் மோட்டாரில் குறையில்லை, உங்கள் டேங்கிலோ ஹோஸிலோதான். சில பழைய மாடல்களுக்கு 25:1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. வேண்டும். ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பதுதான் அவுட்போர்டுக்கானது. பைக்குக்கான டூ-டி ஆயிலை வழக்கமாக ஊற்றினால் பிளக்கிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரி சேரும்.

3. இழுக்கும் முறை

குளிர்ந்த எஞ்சினுக்கு: பல்பு இறுக்கமாக, திராட்டில் (வேகக் கைப்பிடி) "ஸ்டார்ட்" குறியில், சோக் (காற்றைக் குறைக்கும் குமிழ்) முழுக்க வெளியே. கயிற்றை முதலில் மெதுவாக இழுங்கள். பல் பிடித்து இறுகுவது கையில் தெரியும். அங்கிருந்து ஒரே வீச்சாக வேகமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் சிடிஐ (பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டி) உள்ள மோட்டாரில் போதிய கரண்டே உண்டாகாது. கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிடாமல் கையோடு உள்ளே கொண்டுபோங்கள்.

மூன்று நான்கு இழுப்பில் ஒரு தடவை "டுப்" என்று இருமினால் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி மறுபடி இழுங்கள். இருமவே இல்லையென்றால் சோக்கை முழுக்க உள்ளே தள்ளி இரண்டு இழுப்பு. அதற்கும் அசையவில்லையா, நிறுத்திவிடுங்கள். சோக்கோடு இருபது முப்பது தடவை இழுப்பது பிளக்கைப் பெட்ரோலில் குளிப்பாட்டும் வேலை.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஓவர் ஆகிவிட்டது, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாகத் தேங்கிவிட்டது என்று அர்த்தம். டேங்க் ஹோஸைக் கழற்றி, கில் கிளிப்பை எடுத்துவிட்டு (நிறுத்து பட்டன் மட்டுமே உள்ள மாடலில் ஒருவர் அதை அழுத்திப் பிடித்திருக்கட்டும்), பிளக் இரண்டையும் கழற்றி, சோக் உள்ளே, திராட்டில் போகும் வரை திறந்து எட்டு பத்து தடவை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியே சீறும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

4. பிளக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது

எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக் கழற்றுங்கள். நாலைந்து தடவை சோக்கோடு இழுத்த பிறகு கழற்றினால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

இரண்டும் காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. 6-ஆம் பகுதிக்குப் போங்கள். இரண்டும் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் சந்தேகம். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. பால் போன்ற துளியோ உப்புப் படிவமோ தெரிந்தால் உள்ளே தண்ணீர் போகிறது: எரிபொருளில் தண்ணீர் இருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். முனைகளுக்கு நடுவே கரி பாலம் கட்டியிருந்தால் ஆயில் அதிகம், அல்லது மெதுவேகத்தில் நெடுநேரம் ஓடிய மோட்டார்.

பழைய பிளக்கைச் சுத்தம் செய்து போடுவது கரையேறும் வரைக்கும்தான். புதுசு போடுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும் செலவு. இந்த வகை மோட்டார் பலவற்றுக்கும் என்ஜிகே பி7எச்எஸ்-10 வரும். கடைசியில் உள்ள 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளி. 10 இல்லாத பி7எச்எஸ் வாங்கினால் இடைவெளி குறைவாக இருக்கும், மாடலுக்கு எது என்று பார்த்து வாங்குங்கள். என்ஜிகே எண்ணில் 7-க்குப் பதில் 6 என்றால் இன்னும் சூடான பிளக், 8 என்றால் குளிர்ந்த பிளக். "கையில் இதுதான் இருக்கிறது, போடுங்கள்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். ரொம்பச் சூடான பிளக், அழுத்தி ஓடும் மோட்டாரில் பிஸ்டனை ஓட்டை போடும். போலிப் பிளக்கும் சந்தையில் நிறைய. அச்சு மங்கலாக, மரை சொரசொரப்பாக, நடு முனை கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போடும்போது மரையைக் கையால் கடைசிவரை திருகி, புது வாஷர் அழுந்தும்படி ஸ்பேனரால் அரைச்சுற்று. அலுமினிய ஹெட்டில் மரை கெட்டால் அந்தச் செலவு தனி.

5. கரண்ட் வருகிறதா

இரண்டு பிளக்கையும் வயர் மூடியில் மாட்டி, இரண்டின் உலோக உடலும் எஞ்சின் பிளாக்கை நன்றாகத் தொடும்படி வையுங்கள், பிளக் துளையிலிருந்து தள்ளி. துளையிலிருந்து வரும் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். வயரைச் சும்மா காற்றில் தொங்கவிட்டு இழுக்கக்கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் சிடிஐயையே கெடுத்துவிடும். வெறுங்கையால் பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

கில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேகமாக இழுங்கள். நிழலில் வைத்துப் பார்த்தால் நீலமாக, "சட்" என்ற சத்தத்தோடு தாவும் பொறி நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பலவீனம்: சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அது தாவாது. பிளக் டெஸ்டர் வைத்து 6 மி.மீ. இடைவெளியில் தாவுகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது.

இரண்டிலும் கரண்ட் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானதில் குறை. முதல் சந்தேகம் நிறுத்து சுவிட்ச்தான். சுவிட்சிலிருந்து வரும் வயரின் கனெக்டரைக் கழற்றுங்கள். யமஹாவில் இது வெள்ளை வயர், கருப்பு எர்த். மறுபடி இழுத்துப் பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் சிடிஐ வாங்க வேண்டாம், சுவிட்ச் மாற்றினால் போதும். இதைச் சோதிக்காமல் சிடிஐ வாங்கியவர்கள் பல ஆயிரத்தை வீணாக்கியிருக்கிறார்கள். கவனம்: இந்த வயர் கழன்ற நிலையில் மோட்டார் பிடித்துக்கொண்டால் பட்டனால் நிறுத்த முடியாது. சோக்கை முழுக்க இழுத்தோ ஹோஸைக் கழற்றியோதான் அணைக்க வேண்டும். அப்படியே கடலுக்குப் போகாதீர்கள். ஆள் தவறி விழுந்தால் படகு நிற்காது.

சுவிட்ச் சரியென்றால் எர்த் பார்க்க வேண்டும். காயிலையும் சிடிஐயையும் பிளாக்கில் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு அடியில் வெள்ளைப் பூப்போல உப்பு பூத்திருக்கும். கழற்றி, எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்து உள்ளே பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். உப்புக்காற்றில் நிற்கும் மோட்டாரில் இது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும்.

ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பிளக்குகளை இடம் மாற்றுங்கள். குறை பிளக்கோடு போனால் பிளக்தான். போகவில்லையென்றால் வயர் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே வயர் முனை கறுத்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகினால் பல சமயம் அதோடு சரியாகும். இருட்டில் மூடியைத் திறந்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் பார்த்தால், விரிசல் விட்ட வயரிலிருந்து பிளாக்குக்குத் தாவும் பொறி கண்ணுக்குத் தெரியும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் சார்ஜ் காயில், பல்சர் காயில், அப்புறம் சிடிஐ. காயில்களின் ஓம் அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டோடு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரில் முடிவில்லா அளவு காட்டினால் காயில் அறுந்தது உறுதி. இன்னும் பழைய, பாயிண்ட் வைத்த மோட்டார் என்றால் பாயிண்ட் முகங்களைத் தேய்த்துத் துடைத்து இடைவெளி பாருங்கள். ஜப்பான் மோட்டார் பலவற்றில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். ஃப்ளைவீலைக் கழற்றப் புல்லர் வேண்டும். கிராங்க் முனையில் சுத்தியலால் அடித்தால் மரையும் கெடும், காந்தமும் பெயரும்.

பிளக்கில் நல்ல கரண்ட், சிலிண்டரில் பெட்ரோல், ஆனாலும் பிடிக்காமல் கயிற்றைத் திருப்பி இழுக்கிறது, கார்புரேட்டர் வழியாகச் சுடுகிறது என்றால் ஃப்ளைவீல் சாவியைச் சந்தேகப்படுங்கள். நட்டு தளர்ந்து அந்தச் சின்னச் சாவி பாதி வெட்டுப்பட்டால் டைமிங் தள்ளிப்போகும். சாவியின் விலை சொற்பம். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனையிலும் மோட்டார் தேறிவிடும்.

6. எரிபொருள் எதுவரை வருகிறது

கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஒரு சோதனை. ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு டீஸ்பூன், 5 மி.லி. அளவு, கார்புரேட்டர் வாயில் ஊற்றி, திராட்டில் பாதி திறந்து இழுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்தால் கரண்டும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, எரிபொருள் வரத்துதான் பிரச்சினை. ஒரு "டுப்" கூட இல்லையென்றால் இந்தப் பகுதியை விட்டு 5-க்கும் 8-க்கும் போங்கள். ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டூ-ஸ்ட்ரோக்குக்கு வேண்டாம். அதில் ஆயில் இல்லை, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் கழுவிவிடும்.

இப்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பல்பை அழுத்த அழுத்தச் சீராகக் கொட்ட வேண்டும். கொட்டினால் கிண்ணம் வரை வழி சுத்தம். வரவில்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: மோட்டாரில் உள்ள சின்ன ஃபில்டர் கிண்ணம், கனெக்டரின் குண்டு வால்வு, பசை பிடித்து ஒட்டிக்கொண்ட ஃப்ளோட் ஊசி. பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கோ, உருளும் துளிகளோ தெரிந்தால் டேங்க் முழுவதையும் கொட்டிக் கழுவ வேண்டும். பழைய வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது.

பல்பைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் எரிபொருள் பம்ப். அது கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய டயஃப்ராமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளையும் தெரியும். விறைத்துப் போயிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். செட்டாகக் கிடைக்கும், அரை மணி நேர வேலை. கழற்றும்போது அடுக்கின் வரிசையைப் போட்டோ எடுங்கள். கேஸ்கட்டும் டயஃப்ராமும் இடம் மாறினால் பம்ப் இழுக்கவே இழுக்காது.

7. கார்புரேட்டர் (இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்)

இதுவரை வந்தும் குறை தீரவில்லை, கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருகிறது, சிலிண்டருக்கு வரவில்லை. இப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்ற நியாயம் உண்டு. வாடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் கிடந்த மோட்டாருக்குப் பெரும்பாலும் இந்த வேலை இருக்கும். கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் பசையும் துளைகளில் தங்கிவிடும்.

கழற்றும் முன் ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தொடுகிறது என்று எண்ணி எழுதுங்கள். 1 முதல் 2 சுற்றுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். இறுக்கித் திருகினால் ஊசி முனை நசுங்கிவிடும். பிறகு ஸ்குரூவை வெளியே எடுங்கள்.

கிண்ணத்தின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஃப்ளோட் பின்னை உருவி, ஃப்ளோட்டையும் ஊசியையும் எடுங்கள். ஊசியின் ரப்பர் முனையில் வளையம் பதிந்திருந்தால் புது ஊசி. நடுவில் மெயின் ஜெட். அதைவிட மெல்லிய துளை உள்ளது பைலட் ஜெட், பல மாடல்களில் ரப்பர் அடைப்பானுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் ஆவதும் மெதுவேகத்தில் நிற்பதும் பைலட் ஜெட் கையில்தான் இருக்கிறது. மெயின் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு மூடினால் மறுபடி கழற்ற வேண்டி வரும்.

ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கிளீனரில் நனையவிடுங்கள். துளையைக் குத்த ஸ்டீல் கம்பி வேண்டாம். பித்தளை ஜெட்டைக் கம்பி அகலமாக்கிவிட்டால் அளவு போய்விடும். வலைக்குப் பயன்படும் மெல்லிய தங்கூசி நரம்பு (நைலான் இழை) இதற்கு அருமையான கருவி, கரையில் எங்கும் கிடைக்கும். அதன்பின் காற்றடித்து, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக, ஓரம் சுத்தமாக ஒளி தெரிய வேண்டும். உடம்பில் உள்ள சின்னச் சின்ன வழிகளிலும் ஸ்பிரே அடித்து மறுபக்கம் வருகிறதா பாருங்கள்.

திரும்பப் போடும்போது புது கேஸ்கட். கேஸ்கட் பசை எதுவும் கார்புரேட்டருக்கு வேண்டாம், பெட்ரோலில் கரைந்து ஜெட்டுக்குப் போகும். ஏர் ஸ்குரூவை எழுதி வைத்த சுற்றுக்கே கொண்டுவாருங்கள்.

கயிறு இழுக்கும்போது கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் தூறலாக வெளியே தெறித்தால் கார்புரேட்டரில் குறையில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் ரீட் வால்வின் (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு) இதழ் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு உள்ளே போயிருக்கலாம், அதைத் தேடி எடுக்காமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

8. கம்ப்ரஷன்

இரண்டு பிளக்கையும் கழற்றி, கில் கிளிப்பை எடுத்து, வயர்களை எர்த்தில் வைத்து, திராட்டிலைத் திறந்து, கேஜை மாட்டி, முள் ஏறுவது நிற்கும்வரை ஐந்தாறு தடவை இழுங்கள். நல்ல மோட்டார் பெரும்பாலும் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 80-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சிரமம். அந்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே குறை. குறைவான சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டோ பிஸ்டனோ. கரியில் ஒட்டிக்கொண்ட ரிங் என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தால் சில சமயம் விடுபடும்.

9. குளிரில் பிடிக்கிறது, சூட்டில் பிடிக்கவில்லை

வலை இழுத்து முடித்து மோட்டாரைத் தொடும்போது பிடிக்காது. கரைக்கு வந்து ஆறிய பிறகு ஒரே இழுப்பில் பிடிக்கும். மெக்கானிக் முன்னால் எந்தக் குறையும் தெரியாது. இந்தக் கோளாறு அலையவிடும்.

சூடான எஞ்சினுக்குச் சோக் போடுகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். போட்டால் உடனே ஓவர் ஆகிவிடும். அடுத்து, பிடிக்காத அந்த நேரத்திலேயே, சூடு ஆறும் முன் கரண்ட் சோதிக்க வேண்டும். காயிலும் சிடிஐயும் சூட்டில் மட்டும் செயலிழந்து, ஆறியதும் மீண்டுவிடும். அதைப் பிடிக்க வேறு வழியில்லை. டிரம்மில் அரை மணி ஓட்டி, அணைத்து, உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரண்ட் இருந்தால் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். மெலிந்தோ சூடாகவோ வந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. அப்படியே ஓட்டினால் அடுத்து ரிங் போகும்.

10. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் இந்த மோட்டார்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். கடைசி மாற்றத்தை மறந்தால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கும், மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து ஓய்ந்துபோவீர்கள். அந்த நிலையில் டிரெயின் ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்து, பல்பால் பெட்ரோல் நிரப்பி, பிளக்கைத் துடைத்துப் போடுங்கள். பிடித்துவிடும். பெட்ரோலுக்கு மட்டும் செய்த மோட்டாரில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவது வேறு கதை. கரி கட்டும், ரிங் ஒட்டும், ஸ்டார்ட்டிங் நாளுக்கு நாள் மோசமாகும்.

11. கடலில் மூழ்கிய மோட்டார்

ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கி, இப்போது கயிறு அசையவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். சுதந்திரமாகச் சுற்றினால் நேரம்தான் எதிரி: நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டரில் ஆயில் விட்டு, கிண்ணத்தைக் காலி செய்து, கனெக்டர்களைக் கழுவி உலர்த்தி, சில மணி நேரத்துக்குள் ஸ்டார்ட் செய்து குறைந்தது அரை மணி ஓட்ட வேண்டும். அன்றே முடியாதென்றால் மோட்டாரை நல்ல தண்ணீர் டிரம்மில் மூழ்கவிட்டு வையுங்கள். காற்றுப் பட்டால்தான் பேரிங்கில் துரு வேகமாக ஏறும்.

12. எப்போது மெக்கானிக், என்ன செலவு

பிளக், ஓ-ரிங், பல்பு, டயஃப்ராம், கேஸ்கட் செட் எல்லாம் நூறுகளில் முடியும். அசல் காயில், சிடிஐ ஆயிரங்களில் போகும், திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அதனால் ஓடும் இன்னொரு மோட்டாரின் அதே பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ரிங், பிஸ்டன், போரிங் என்று போனால் பல ஆயிரம். அந்தக் கட்டத்தில் பழைய மோட்டாரின் இன்றைய விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

ஃப்ளைவீல், ரீட் வால்வு, பவர் ஹெட் (மோட்டாரின் எஞ்சின் பகுதி) மூன்றும் கருவியும் அனுபவமும் உள்ளவர் கைக்குப் போகட்டும். கொண்டுபோகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாடல், சீரியல் எண், இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன், எதில் கரண்ட் இருக்கிறது, பிளக் நனைந்ததா காய்ந்ததா, கார்புரேட்டரில் ஊற்றியபோது பிடித்ததா. கழற்றிய பழைய பிளக்கையும் கிண்ணத்திலிருந்து பிடித்த பாட்டிலையும் கூடவே கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரையே மாற்றினால், படகின் பதிவில் உள்ள எஞ்சின் எண்ணை மீன்வள அலுவலகத்தில் புது பில்லைக் காட்டித் திருத்திவிட்டு அப்புறம் கடலுக்குப் போங்கள். மானியம் கேட்கும்போதும் காப்பீடு கேட்கும்போதும் இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.